சின்ன பாட்டில், பெரிய கிளாஸ்: டோக்கியோவில் ஒரு பெல்ஜியம் பீர்க் கடை

வாசகர் கேள்வி, 3 பிப்ரவரி 2024, காலை

அடுத்த மாதம் வேலை விஷயமாக டோக்கியோ போகிறேன். கூட வருகிற மேலாளர் அங்கே ஒரு பெல்ஜியம் பீர்க் கடைக்குக் கூட்டிப் போகிறேன் என்கிறார். சின்ன பாட்டில் ஒன்று எண்ணூறு ரூபாயாம். ஒவ்வொரு பீருக்கும் தனி கிளாஸாம். நான் சொல்வது இதுதான்: பீர் என்றால் பீர். ஜப்பான் போய் பெல்ஜியம் பீர் குடிப்பது, திருநெல்வேலிக்குப் போய் மைசூர்பாகு வாங்குவது மாதிரி. கிளாஸ் எல்லாம் பந்தா. போனவர்கள் யாராவது மறுத்துச் சொல்லுங்கள் பார்ப்போம்.

3 பிப்ரவரி 2024, இரவு

போனவன் நான். 2023 நவம்பரில் பத்து நாள் டோக்கியோவில் இருந்தேன். கண்டா நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில், படியிறங்கிப் போகிற ஒரு கடை. கவுண்டரில் எட்டு இருக்கை, சுவரோரம் இரண்டு மேசை, அவ்வளவுதான். தலைக்கு மேலே கம்பியில் தலைகீழாகத் தொங்கும் கிளாஸ்கள் மட்டும் நூறுக்குக் குறையாது. ஒன்றின் வடிவம் இன்னொன்றுக்கு இல்லை.

மைசூர்பாகு உவமை தப்பு. பெல்ஜியம் பீரில் பெரும்பகுதி வெளிநாட்டுக்குத்தான் போகிறது. அதில் பல வகை பாட்டிலுக்குள் ஈஸ்ட் உயிரோடு இருக்கும்படி அடைத்தவை. பயணம் தாங்கும், சிலது வைத்திருக்க வைத்திருக்க மாறும். ஊறுகாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆவக்காயை விஜயவாடாவில்தான் சாப்பிட வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை.

கிளாஸ் விஷயத்தில் உங்கள் கட்சிதான் நான். அன்றைக்கும் அப்படித்தான் நினைத்தேன், இன்றைக்கும் பாதி அப்படித்தான். ஆனால் ஊற்றிய விதத்தைச் சொல்லிவிடுகிறேன்.

டுவெல் கேட்டேன். கடைக்காரருக்கு அறுபது வயது இருக்கும். அங்கே எல்லாரும் அவரை 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். கால் வைத்த, வயிறு பருத்து வாய் குறுகிய கிளாஸ் ஒன்றை எடுத்தார். குளிர்ந்த நீரில் முக்கி உதறினார், துடைக்கவில்லை. ஈரத்தோடு சாய்த்துப் பிடித்து மெதுவாக ஊற்ற ஆரம்பித்து, பாதி வந்ததும் நிமிர்த்தினார். பால் பொங்குவது மாதிரி நுரை எழும்பி, வழியப் போகிறது என்று நான் பேப்பர் எடுப்பதற்குள் விளிம்பில் நின்றுவிட்டது. 330 மில்லி பாட்டிலும் அதன் நுரையும் முழுசாக அந்த ஒரே கிளாஸில் அடங்கும்படி அளவு வைத்திருக்கிறார்கள். அடியில் கண்ணாடியில் ஒரு 'டி' எழுத்து பொறித்திருக்கிறது. அலங்காரம் என்று நினைத்தேன். அந்தச் சொரசொரப்பிலிருந்துதான் குமிழி விடாமல் நூல் பிடித்த மாதிரி மேலே வருகிறது.

பாட்டிலில் ஒரு விரற்கடை மிச்சம் வைத்தார். நமக்குத்தான் அளவு விஷயத்தில் கண் கூர்மையாச்சே, உடனே விரலை நீட்டிக் காட்டினேன். அவர் சிரித்து, பாட்டிலை விளக்குக்கு நேரே பிடித்தார். அடியில் மங்கலாக வண்டல், ஈஸ்ட். அதை ஒரு சின்ன கிளாஸில் தனியாக ஊற்றிப் பக்கத்தில் வைத்தார். குடித்துப் பார்த்தேன். ரொட்டி மாவு மாதிரி இருந்தது. கேட்டிருக்க வேண்டாம்.

4 பிப்ரவரி 2024

விலை கேட்டிருந்தவருக்கு. பாட்டில் ஒன்று 1,400 யென் சுமாருக்கு இருந்தது, அப்போதைய மாற்றில் எண்ணூறு ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே. அது போக, கேட்காமலேயே ஒரு குட்டிக் கிண்ணத்தில் ஏதோ ஊறவைத்த காய்கறி வரும். இலவசம் என்று நினைத்து மகிழ வேண்டாம். அதற்குப் பெயர் 'ஒத்தோஷி', உட்கார்ந்ததற்கான கட்டணம். என் பில்லில் 500 யென். ஜப்பானில் பல குடிக்கடைகளில் இது வழக்கம், பெல்ஜியம் கொடி தொங்கினாலும் தப்ப முடியாது. டிப்ஸ் வைக்கிற பழக்கம் கிடையாது என்பதால் மனதைத் தேற்றிக்கொள்ளலாம்.

4 பிப்ரவரி 2024, இரவு

"மூன்று சின்ன பாட்டில் என்ன செய்யும், நாங்கள் 650 மில்லி ஸ்ட்ராங்கே ரெண்டு அடிப்போம்" என்று கேட்ட மதுரை அண்ணனுக்கு. நானும் அதே தெனாவட்டோடுதான் உட்கார்ந்தேன். நம் கணக்கு எப்போதும் பாட்டில் உயரத்தில்தான் இருக்கிறது. ஒரு முழம் பாட்டில் என்றால் பீர், அரை முழம் என்றால் குழந்தைகளுக்கு.

அன்று நான் குடித்த மூன்றின் கணக்கைக் கீழே போடுகிறேன், நீங்களே பாருங்கள். ஓர்வால் 6.2 சதவீதம், டுவெல் 8.5, ரோஷ்ஃபோர் 10 என்கிற கறுப்பு பீர் 11.3. (அந்தப் பத்து, சதவீதம் இல்லை, பழைய அடர்த்தி அளவிலிருந்து வந்த எண். நான் பத்து சதவீதம் என்று நினைத்தேன். பத்தே அதிகம், வந்தது அதற்கும் மேல்.) மூன்றும் 330 மில்லி. பெருக்கிக் கூட்டினால் சுத்த ஆல்கஹால் மட்டும் சுமார் 86 மில்லி. நம் ஊர்க் குவார்ட்டர் 180 மில்லி, 42.8 சதவீதம், அதாவது 77 மில்லி. ஆக, பீர் குடிக்கிறேன் என்ற நினைப்பில் ஒரு குவார்ட்டரைத் தாண்டி உட்கார்ந்திருக்கிறேன். அதுவும் வெறும் வயிற்றில், ஒரு கிண்ணம் ஊறுகாய்க் காய்கறியோடு.

விளைவு: உவேனோவில் விடுதி. கண்டாவிலிருந்து யாமனோத்தே ரயிலில் மூன்றாவது நிலையம், ஐந்தாறு நிமிடம். ஏறினேன், உட்கார்ந்தேன், கண்ணை மூடினேன். அந்த ரயில் டோக்கியோவைச் சுற்றி வட்டமடிக்கும் வண்டி, ஒரு சுற்று முடிக்க ஒரு மணி நேரம் ஆகும். கண் விழித்தபோது அறிவிப்புப் பலகையில் 'கண்டா' என்று இருந்தது. இன்னும் கிளம்பவே இல்லை போலிருக்கிறது என்று நிம்மதியாக நினைத்தேன். கடிகாரத்தைப் பார்த்த பிறகுதான் முப்பது நிலையத்தையும் தரிசனம் செய்துவிட்டுத் திரும்ப வந்திருப்பது புரிந்தது. கிரிவலம் போனவன்கூட நடந்து போயிருப்பான்.

6 பிப்ரவரி 2024

ரோஷ்ஃபோரை "சாமியார்கள் காய்ச்சும் பீர்" என்று வேறொரு இடத்தில் எழுதியிருந்தேன். ஒருவர் திருத்தினார், சரிதான். அது ட்ராப்பிஸ்ட் பீர், அதாவது அந்தப் பெயருள்ள கத்தோலிக்கத் துறவியர் சபையின் மடத்துப் பீர். அந்தப் பெயருக்கு நிபந்தனை மூன்று: மடத்து வளாகத்துக்குள் காய்ச்ச வேண்டும், துறவிகளின் பொறுப்பில் நடக்க வேண்டும், வருமானம் மடத்தின் செலவுக்கும் அறப்பணிக்கும் போக வேண்டும். துறவியே அடுப்பு முன்னால் நிற்க வேண்டும் என்று இல்லை. பெரும்பாலும் சம்பளத்துக்கு வேலை செய்கிற சாதாரண ஆட்கள்தான். அறுகோண முத்திரையைப் பார்த்து வாங்க வேண்டும்.

மடத்தின் படம் போட்ட எல்லாமும் ட்ராப்பிஸ்ட் இல்லை. லெஃப் என்ற பீரின் பாட்டிலில் மடம் இருக்கும், காய்ச்சுவது பெரிய பன்னாட்டு நிறுவனம். ஆகெல் என்கிற மடத்தில் துறவிகள் யாரும் மிஞ்சாததால் 2021இல் அந்த முத்திரையே போய்விட்டது. அப்போது பீர் அதே பீர்தான். சாமியார் இல்லை என்றால் சாமியார் பீர் இல்லை, கறாராகத்தான் இருக்கிறார்கள்.

9 பிப்ரவரி 2024

பீரில் கொத்தமல்லி போடுவார்களா என்று கேட்டவருக்கு நீளமாகவே எழுத வேண்டும். எனக்கு அந்த இரவில் ரொம்பப் பிடித்த விஷயம் இதுதான்.

ஹூகார்டன் என்பது பெல்ஜியத்தில் ஓர் ஊர். அந்த ஊரின் வெள்ளை பீர், கோதுமை பீர், 1950களில் கடைசி ஆலையும் மூடப்பட்டு அழிந்தே போனது. சின்ன வயதில் அந்த ஆலையில் எடுபிடி வேலை செய்த பியர் செலிஸ் என்ற பால்காரர் 1966 வாக்கில் தன் ஊர் பீரை மறுபடி காய்ச்ச ஆரம்பித்தார். அதில் போவது கொத்தமல்லி விதையும் காய்ந்த ஆரஞ்சுத் தோலும். நம் வீட்டு அஞ்சறைப்பெட்டியில் இருக்கிற அதே தனியாதான். வாசனை பார்த்ததும் ஏதோ தெரிந்த ஆள் மாதிரி இருந்தது. யாரென்று பிடிபட இரண்டு மிடறு ஆனது.

மாஸ்டர் தன் கைபேசியில் மொழிபெயர்ப்பைத் தட்டிக் காட்டிய கதை: சில வருடம் முன்பு வரை ஜப்பான் சட்டப்படி இது பீரே இல்லை! பீர் என்றால் மால்ட், அதாவது முளைகட்டி உலர்த்திய தானியம், மூன்றில் இரண்டு பங்கு இருக்க வேண்டும், கூட அரிசி, சோளம் மாதிரிக் குறித்த சில பொருள்கள்தான் சேரலாம். கொத்தமல்லி விழுந்தால் அது 'ஹப்போஷு', அதாவது நுரைக்கும் மது, வேறு வகை. லேபிளிலும் அப்படித்தான் அச்சாகும். 2018 ஏப்ரலில் சட்டத்தைத் திருத்தி, மால்ட் பாதி இருந்தால் போதும், பழமும் மசாலாவும் கொஞ்சம் சேரலாம் என்ற பிறகுதான் இந்தப் பாட்டில்களுக்கு 'பீர்' என்ற பட்டம் கிடைத்தது. பல நூறு வருடப் பழக்கம் என்று பெல்ஜியத்துக்காரன் மார்தட்டுகிற ஒன்றை, தனியாவைக் காட்டிச் சாதியை விட்டுத் தள்ளி வைத்திருக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் இதைச் சொன்னபோது அம்மா சொன்னது: "தனியாவும் ஆரஞ்சுத் தோலும் போட்டால் அது கஷாயம்."

10 பிப்ரவரி 2024

சைவமா? பீரைக் கேட்கிறீர்களா, சைடு டிஷ்ஷையா? சைடு டிஷ் என்றால், உருளைக்கிழங்கு வறுவலை நம்பிப் போகாதீர்கள். பெல்ஜியத்தில் முறைப்படி அதை மாட்டுக் கொழுப்பில் இரண்டு தடவை பொரிப்பார்கள். முதலில் குறைந்த சூட்டில் உள்ளே வேக, அப்புறம் ஆறவைத்து அதிக சூட்டில் மேலே மொறுமொறுக்க. டோக்கியோக் கடையில் எண்ணெய்தான் என்று மாஸ்டர் பாட்டிலையே எடுத்துக் காட்டினார், ஆனால் அதே எண்ணெயில் வேறு என்னென்ன நீந்தியது என்று நான் கேட்கவில்லை. பாலாடைக்கட்டித் துண்டுகள், கடுகு விழுது, மேலே தூவ செலரி உப்பு, இதை நம்பலாம். பீருக்குக் கடுகு எவ்வளவு பொருத்தம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

10 பிப்ரவரி 2024, கொஞ்ச நேரம் கழித்து

சிப்பி சாப்பிட்டிருக்கலாமே என்று கேட்டவருக்கு: ஆமாம், எனக்கு அசைவம் உண்டு. ஆனாலும் சிப்பியை வெள்ளை ஒயினில் வேகவைத்து ஒரு சட்டி நிறைய கொண்டுவந்து வைத்தால், தனி ஆளாக என்ன செய்ய? மேசையில் நாலு பேர் இருந்தால் சொல்லுங்கள்.

17 பிப்ரவரி 2024

"ஏன் இவ்வளவு சதவீதம், அந்த ஊர்க்காரனுக்கு என்ன அவசரம்?" நல்ல கேள்வி. வழக்கமாகச் சொல்லும் பதிலில் நம் ஊர்க்காரன் சிரிக்க நிறைய இருக்கிறது.

1919இல் பெல்ஜியத்தில் வாண்டர்வெல்டே என்ற சோஷலிச அமைச்சர், தொழிலாளிகள் சாராயத்தில் அழிகிறார்கள் என்று சட்டம் கொண்டுவந்தார். குடிக்கடைகளில் காய்ச்சி வடித்த மது விற்கக் கூடாது. கடையில் வாங்குவதானால் குறைந்தது இரண்டு லிட்டர் வாங்க வேண்டும். தினக்கூலிக்காரனிடம் அந்தப் பணம் மொத்தமாக இருக்காதே என்ற கணக்கு. சட்டம் அறுபது வருடத்துக்கு மேல் இருந்தது. ஜின் பழகிய நாக்குக்குப் பீர்க்காரர்கள் வலுவாகக் காய்ச்சிக் கொடுத்தார்கள். சாராயத்தை நிறுத்தப் போய், சாராயத்துக்கு அண்ணன் தம்பி மாதிரி ஒரு பீர்.

வெஸ்ட்மாலே மடத்தின் ட்ரிப்பெல், 9.5 சதவீதம், நிறம் பார்த்தால் எலுமிச்சைச் சாறு மாதிரி அப்பாவியாக இருக்கும். அது 1930களில் பிறந்தது. டுவெல்லின் பெயர்க் கதையும் அந்தக் காலம்தான். முதல் உலகப் போர் முடிந்ததைக் கொண்டாட 'வெற்றி' என்று பெயர் வைத்த பீர், குடித்துப் பார்த்த ஒருவர் "இது நிஜமான பிசாசு" என்றதும் 1923இல் பெயரே பிசாசு ஆகிவிட்டது. டுவெல் என்றால் அவர்கள் பேச்சு வழக்கில் அதுதான் அர்த்தம்.

18 பிப்ரவரி 2024

சட்டம் மட்டும்தான் காரணமா என்று நேற்று எழுதியதைப் படித்து ஒருவர் மடக்கியிருக்கிறார். இல்லை. நான் எழுதிய தோரணை அப்படி ஆகிவிட்டது. வலுவான பீர் மடங்களில் அதற்கு முன்பே இருந்தது, ஷிமே என்ற மடத்தில் 1860களிலிருந்து காய்ச்சுகிறார்கள். சட்டம் அதற்குச் சந்தையைத் திறந்துவிட்டது என்று திருத்திப் படித்துக்கொள்ளவும்.

18 பிப்ரவரி 2024

இந்த உரையாடல் இழையில் மதுவிலக்கு அரசியலுக்கு யாரும் போக வேண்டாம். இழை பூட்டப்படும்.

2 மார்ச் 2024

கிளாஸ் பந்தாவா இல்லையா, வீட்டில் சோதனை செய்தேன். ஒரே குளிரில் மூன்று ஹூகார்டன். ஒன்றைப் பாட்டிலோடு, ஒன்றை எவர்சில்வர் டம்ளரில், ஒன்றைக் கல்யாணத்துக்கு யாரோ கொடுத்து இதுவரை பெட்டியை விட்டு வெளியே வராத கால் வைத்த கண்ணாடியில். சோதனை எலிகள் நானும் மச்சானும்.

பாட்டிலில் குடித்தால் புளிப்பும் குமிழியும்தான், தனியா வாசனை காணோம். மூக்குக்கு வழியே இல்லையே. டம்ளரில் ஊற்றியதும் நுரை சோப்பு நுரை மாதிரி படபடவென்று உடைந்து ஒரு நிமிடத்தில் மொட்டையாகிவிட்டது. கண்ணாடியில் நுரை நின்றது, வாசனை குவிந்து வந்தது, ஒவ்வொரு மிடறுக்கும் உள்பக்கம் ஒரு வெள்ளை வளையம் ஒட்டிக்கொண்டே கீழே இறங்கியது. எத்தனை மிடறில் முடித்தோம் என்று எண்ணிப் பார்க்கலாம், மரத்தின் வயதை எண்ணுவது மாதிரி.

ஆக என் தீர்ப்பு: பெயர் அச்சடிப்பது பந்தா. வடிவம் பந்தா இல்லை. எவர்சில்வர் காபிக்கு மட்டும்.

3 மார்ச் 2024

தீர்ப்பில் பாதி வாபஸ். டம்ளர் பாவம். முந்தின நாள் அதில் பால் குடித்து, அவசரத்தில் பாத்திரம் தேய்க்கும் சோப்பில் அரைகுறையாக அலசியிருக்கிறது (மச்சான் கைங்கரியம்). கொழுப்போ சோப்போ துளி ஒட்டியிருந்தாலும் நுரை செத்துவிடும். டோக்கியோவில் மாஸ்டர் கிளாஸை ஏன் நீரில் முக்கினார் என்று இப்போது புரிகிறது. நான் அதைச் சடங்கு என்று நினைத்துவிட்டேன். சுத்தமாகக் கழுவி நேற்று இரவே மறுபடி ஊற்றினோம். டம்ளரிலும் நுரை நின்றது. வாசனை மட்டும் கண்ணாடியில் வந்த அளவு இல்லை, அதில் மாற்றமில்லை. நிறம் தெரியவில்லை என்பது தனிக் குறை.

3 மார்ச் 2024

இல்லை, மூன்றாவது தடவை சோதனை செய்யப் போவதில்லை. வீட்டில் கேள்வி வருகிறது.

23 மார்ச் 2024

ஒரு வெட்கக்கேடான திருத்தம். கைபேசியில் பழைய படங்களை அழிக்கும்போது அந்த டோக்கியோ பில்லின் படம் கிடைத்தது. மூன்று இல்லை, நான்கு. ஆரம்பத்தில் ஒரு வெள்ளை பீர், குழாயிலிருந்து பிடித்தது, 250 மில்லி. மேலே தனியா வாசனை என்று பக்கம் பக்கமாக எழுதியவன், அதைக் கணக்கில் சேர்க்கவே இல்லை, யாரும் கேட்கவும் இல்லை! இன்னொரு 12 மில்லி சேர்த்துக்கொள்ளுங்கள், மொத்தம் 98. அன்று இரவு விடுதியில் பில்லைப் பார்த்து, ஒன்று அதிகமாகப் போட்டுவிட்டார்கள் என்று மனதுக்குள் திட்டியதும் ஞாபகம் வருகிறது. மாஸ்டரிடம் மானசீகமாக மன்னிப்பு.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ரோஷ்ஃபோர் வந்தபோது கை வைத்துப் பார்த்து "கூலிங் இல்லை" என்று புகார் சொன்னேன், ஐஸ் வேண்டும் என்று சைகை காட்டினேன். கடையில் கூலிங் இல்லை என்று சண்டை போட்டே வளர்ந்த தலைமுறை நாம். அவர் முகத்தில் கோபம் இல்லை, ஒரு சின்ன வலி. பெருமாள் கோயில் புளியோதரைக்குக் கெட்சப் கேட்டால் மடைப்பள்ளிக்காரர் எப்படிப் பார்ப்பாரோ அப்படி. அந்தக் கறுப்பு பீரைப் பன்னிரண்டு பாகை சுமாருக்குத்தான் கொடுப்பார்களாம். சில்லென்று இருந்தால் நாக்கு மரத்துவிடும். ஐஸ் வரவில்லை. பத்து நிமிடம் கழித்து பேரீச்சை, கருப்பட்டி, காபிக் கசடு என்று ஒவ்வொன்றாக வந்தது. அதில் அவசரப்பட்டிருக்க வேண்டாம். கடைசி ரயில் பயம் வேறு, பாதியை மடக் மடக்கென்று விழுங்கினேன்.

11 ஜூன் 2024

மறுபடி டோக்கியோ, மறுபடி அதே படிக்கட்டு. வெளியே மழைக்காலப் புழுக்கம். மாஸ்டருக்கு அடையாளம் தெரிந்தது என்று சொல்ல ஆசைதான். தெரியவில்லை.

இந்தத் தடவை ஒரே ஒரு பாட்டில் என்ற முடிவோடு போனேன். கூஸ். போன் என்கிற ஆலையுடையது, 375 மில்லி, 7 சதவீதம், ஷாம்பெய்ன் மாதிரித் தக்கை. இது லாம்பிக் வகை. பிரஸ்ஸல்ஸைச் சுற்றிய பகுதியில், ஈஸ்ட் சேர்க்காமல், காற்றில் வருகிற காட்டு ஈஸ்ட்டையே நம்பிப் புளிக்க வைப்பது. ஒரு வருடம், இரண்டு வருடம், மூன்று வருடம் மரப்பீப்பாயில் கிடந்ததைக் கலந்து பாட்டிலில் அடைத்தால் கூஸ்.

முதல் மிடறிலேயே தலை நிமிர்ந்துவிட்டது. இது கள்! உடன்குடியில் தாத்தா வீட்டுத் திண்ணையில் மூக்கைத் துளைத்த அதே வாடை. எனக்கு அப்போது எட்டு ஒன்பது வயது. 1987இல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை வந்தபோது, குடிக்கிற வயது எனக்கு வரவில்லை. அப்புறம் வேலைக்குப் போன பிறகு பாலக்காட்டுப் பக்கம் கள்ளுக்கடையில்தான் குடித்தேன். அந்தப் புளிப்பு, அந்த மூக்கில் ஏறுகிற காரம், கொஞ்சம் அழுகலும் கொஞ்சம் பழமும். எங்கோ ஒரு நாட்டில் அதைத் தக்கை போட்டு மூடி, யுனெஸ்கோ பட்டியலில் ஏற்றி (2016இல் பெல்ஜியத்தின் பீர்ப் பண்பாடு மொத்தமாக ஏறியது), டோக்கியோவில் இரண்டாயிரம் யென்னுக்கு விற்கிறார்கள். பனையேறியின் கையில் இருந்ததும் இதே வித்தைதான்.

12 ஜூன் 2024

நேற்று இரவு எழுதியதை இன்று காலை படித்தால் நெஞ்சு விடைத்துக்கொண்டு எழுதின மாதிரி இருக்கிறது. நாகர்கோவில் அண்ணாச்சி சரியாகப் பிடித்துவிட்டார், "ரெண்டும் ஒண்ணு இல்லடே, காலைல எறக்குன கள்ளு சாயங்காலம் குடிக்க ஆகாது, இது மூணு வருஷம்ங்க."

அதுதான் வித்தியாசம். பதநீர் வேண்டுமானால் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுவோம், புளிக்காது. தடவாவிட்டால் மரத்தில் இருக்கும்போதே புளிக்க ஆரம்பித்துவிடும். போன தடவை கலயத்தில் ஒட்டின ஈஸ்ட்டே போதும். காய்ச்சுவது இல்லை, காத்திருப்பது இல்லை. லாம்பிக்கில் மால்ட்டையும் கோதுமையையும் ஊறவைத்து, பழைய ஹாப்ஸோடு (பீரில் சேர்க்கிற ஒரு கொடியின் பூ) மணிக்கணக்கில் கொதிக்கவிட்டு, மேல்மாடியில் அகலமான செப்புத் தொட்டியில் ஒரு ராத்திரி திறந்து வைக்கிறார்கள். அதுவும் குளிர் மாதங்களில் மட்டும், வெயில் காலத்தில் வேண்டாத கிருமி ஏறிவிடும். அப்புறம் பீப்பாய். பிரஸ்ஸல்ஸில் 1900இல் தொடங்கிய கான்டியோன் ஆலையில் சிலந்தி வலையைக்கூடத் துடைக்க மாட்டார்கள், பழ ஈக்களைப் பிடித்துக்கொள்ளுமே என்று.

இரண்டிலும் காற்றையும் ஏனத்தையும் நம்பிய புளிப்பு. அதோடு உறவு முடிந்தது. ஒன்று அன்றைக்கே, மற்றது மூன்று வருடம். அண்ணாச்சி, "குடிக்க ஆகாது" என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். எங்கள் தாத்தா சாயங்காலக் கள்தான் குடிப்பார்.

14 ஜூன் 2024

தாத்தா தொண்ணூற்று ஒன்றுவரை இருந்தார். இதிலிருந்து யாரும் எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

8 செப்டம்பர் 2024

பெல்ஜியத்துக்கே போகிறவர் கேட்டதற்கு, நான் போனதில்லை என்பதைச் சொல்லிவிட்டு, போக வேண்டும் என்று குறித்து வைத்திருப்பதை எழுதுகிறேன். கென்ட் நகரில் டுல்லே க்ரீட் என்ற கடையில் 1.2 லிட்டர் பிடிக்கும் பெரிய கிளாஸில் ஒரு பீர் கேட்டால், உங்கள் ஷூ ஒன்றைக் கழற்றி வாங்கிக் கூடையில் போட்டுக் கூரைக்கு ஏற்றிவிடுவார்கள். கிளாஸைத் திருப்பிக் கொடுத்தால்தான் ஷூ. கிளாஸ் அவ்வளவு திருட்டுப் போகிறதாம். நல்ல சாக்ஸ் போட்டுக்கொண்டு போகவும். வெஸ்ட்ஃப்ளெடரன் மடத்து பீர் பாட்டிலில் பல காலம் லேபிளே ஒட்டியதில்லை, எல்லா விவரமும் மூடியில்தான் இருந்தது. மடத்தில் வாங்க முன்பதிவு வேண்டும், முன்பு தொலைபேசியில், 2019 முதல் இணையத்தில். பதிவு கிடைக்காவிட்டாலும் மடத்துக்கு எதிரே உள்ள காபிக்கடையில் உட்கார்ந்து குடிக்கலாம்.

21 நவம்பர் 2024, மாலை

பாருங்கள், பிப்ரவரியில் இந்த இழையைத் தொடங்கின நண்பர், பயணம் தள்ளிப் போய்த் தள்ளிப் போய், இப்போது அதே கடையில் உட்கார்ந்திருக்கிறாராம். "முன்னால் நாற்பது பக்கப் பட்டியல், மேலாளர் முறைக்கிறார், எதைச் சொல்ல?" என்று கேட்கிறார்.

சுருக்கமாக. முதலில் வெள்ளை பீர். அப்புறம் ஓர்வால், வாய் அகன்ற கிண்ணம் மாதிரிக் கிளாஸில் வரும். மழையில் நனைந்த சாக்கு வாசனை அடித்தால் பயப்படாதீர்கள், பழசாகப் பழசாக அப்படித்தான், அதுதான் அதன் குணம். ரோஷ்ஃபோர் வேண்டுமானால் மேலாளரோடு பாதிப்பாதி. ஐஸ் கேட்காதீர்கள். பாட்டிலில் மிச்சம் வைத்தால் விரலை நீட்டாதீர்கள். கடுகோடு பாலாடைக்கட்டி இப்போதே சொல்லிவிடுங்கள், வயிறு காலியாக இருக்கக் கூடாது.

21 நவம்பர் 2024, இரவு

டுவெல் கிளாஸை மேலாளர் பைக்குள் வைக்கப் பார்த்தாரா? திருப்பி வைக்கச் சொல்லுங்கள். இனி அந்தக் கடைக்கு நான் போக வேண்டாமா?

21 நவம்பர் 2024, இரவு, மறுபடி

விடுதி எங்கே? உவேனோவா? யாமனோத்தேயில் உட்காராதீர்கள். நின்றுகொண்டே போங்கள், மூன்றாவது நிலையம்.